புல்லின் கணக்கு: காங்கேயம் கொறங்காடும் வனத்துறையின் தீப்பாடமும்

கொங்கு நாட்டு வழக்கில் காடு என்ற சொல் வனத்தை மட்டும் குறிப்பதன்று. மழையை நம்பி விதைக்கும் புஞ்சை நிலமும் அங்கே காடுதான். சோளக்காடு, கம்பங்காடு, மேட்டாங்காடு என்று பயிரையும் மேட்டையும் சேர்த்து நிலத்துக்குப் பெயர் சொல்வதும், உழவு வேலைக்குச் செல்வதைக் காட்டுக்குப் போவதாகச் சொல்வதும் இன்றளவும் தொடரும் வழக்கங்கள். இந்த வரிசையில், மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலாவதற்கென்றே உயிர்வேலி கட்டி வளர்க்கப்படும் தனியார் புல்நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். காங்கேயத்தை நடுவாகக் கொண்டு தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி, கொடுமுடி எனப் பரந்திருக்கும் இந்த நிலங்களைக் காங்கேயம் காளையின் தாய்நிலம் என்ற அளவில் பலரும் எழுதியுள்ளனர். அவற்றுக்கு இன்னொரு வரலாற்று இடமும் உண்டு. கோடை தொடங்கும்போது நிலத்தின் மேல் எவ்வளவு காய்ந்த புல் நிற்கலாம் என்ற கேள்விக்குத் தலைமுறை தலைமுறையாக நடைமுறையில் விடை சொல்லிவந்த நிலங்கள் அவை. அதே கேள்விக்கு விடை தேடுவதையே இன்றைய வனவியல் எரிபொருள் குறைப்பு என்று அழைத்து, நிலத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அலுவலர்களுக்குத் தனிப் பாடமாகக் கற்பிக்கிறது.

இந்தப் பாடத்தின் அடிப்படை எளியது. தீ எரிவதற்கு வெப்பம், காற்று, எரியும் பொருள் ஆகிய மூன்றும் வேண்டும். வெயிலையும் காற்றையும் மனிதர் திருத்த முடியாது. எரியும் பொருளை மட்டுமே கூட்டவோ குறைக்கவோ இயலும். காய்ந்த புல், உதிர்ந்த சருகு, சுள்ளி, விழுந்த கிளை, கீழ்மட்டப் புதர் ஆகிய அனைத்தையும் சேர்த்து எரிபொருள் என்ற ஒரே சொல்லால் வனவியலார் குறிப்பிடுகின்றனர். அவற்றைத் தடிமனைக் கொண்டு அவர்கள் தரம் பிரிக்கும் முறை கவனிக்கத்தக்கது. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல்லும் சருகும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஒரு மணி நேர அளவில் காய்ந்துவிடுவதால் ஒரு மணி எரிபொருள் எனப்படுகின்றன. விரல் பருமனுள்ள சுள்ளி பத்து மணி எரிபொருளாகவும், அதற்கு மேல் 75 மில்லிமீட்டர் வரை பருத்த கிளைகள் நூறு மணி எரிபொருளாகவும் கொள்ளப்படுகின்றன. காலையில் பனியில் நனைந்திருந்த புல்வெளி நண்பகலுக்குள் தீப்பற்றத் தயாராகிவிடுவதன் காரணம் இதுவே. தரைப்புல்லிலிருந்து புதருக்கும், புதரிலிருந்து மரக்கிளைக்கும் தீயை ஏற்றிவிடும் இடைநிலைச் செடிகொடிகளுக்கு ஏணி எரிபொருள் என்று பெயர். தரையில் ஓடும் தீ மரங்களைப் பெரும்பாலும் தப்பவிடும். ஏணி கிடைத்த தீ உச்சிக்கு ஏறி முழுக்காட்டையும் கொண்டுபோகும்.

தீமுனையின் ஒவ்வொரு மீட்டரிலும் வெளிப்படும் வெப்பத்தைக் கணக்கிட, 1959இல் அமெரிக்க வனவியலாளர் ஜார்ஜ் பைரம் வகுத்த சூத்திரம் இன்றும் பயிற்சிகளில் கற்பிக்கப்படுகிறது. எரிபொருளின் வெப்பத்திறன், எரிந்துபோகும் எரிபொருளின் எடை, தீ பரவும் வேகம் ஆகிய மூன்றையும் பெருக்குவதே அச்சூத்திரம். புல்லின் எடை இரு மடங்காகும்போது வேகமும் கூடுமானால், வெப்பம் இரண்டு மடங்கோடு நில்லாமல் அதற்கும் மேலே செல்லும். மனிதர் பக்கத்தில் சென்று அணைக்கக்கூடிய தீக்கும், ஓடித் தப்புவதைத் தவிர வேறு வழியற்ற தீக்கும் இடையிலுள்ள வேறுபாடு பல வேளைகளில் இந்த எடை வேறுபாடே. ஆகவே பங்குனியில் எரியும் தீயின் அளவு ஐப்பசி, கார்த்திகை மழையில் எவ்வளவு புல் வளர்ந்தது, தை முடிவதற்குள் அதில் எவ்வளவு நிலத்தை விட்டு நீங்கியது என்ற இரண்டிலும் முன்னதாகவே தீர்மானமாகிவிடுகிறது. தீயை அணைப்பது கோடைக்கால வேலை. தீயைச் சிறிதாக்குவது மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் செய்யவேண்டிய வேலை. காங்கேயத்துக் குடியானவர்கள் இந்தக் கால வரிசையை மேய்ச்சல் முறையாகவே கொண்டிருந்தனர் என்பதைக் கொறங்காட்டின் அமைப்பு காட்டுகிறது.

கொறங்காட்டின் அமைப்பு

காங்கேயம் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநிழலில் அமைந்தது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக ஓரிரு மாதங்களில் பெய்து முடிந்துவிடும். செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலத்தில் ஆண்டுதோறும் உழுது விதைப்பதைக் காட்டிலும் புல்லை நிலைக்கவிட்டு அதைப் பாலாகவும் எருவாகவும் உழவு மாடாகவும் மாற்றிக்கொள்வதே உறுதியான வருவாய் என்பது இங்குள்ளவர்கள் கண்ட உண்மை. அதற்கென அமைந்த கொறங்காட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல். அதற்கு மேலே இடைவெளிவிட்டு நிற்கும் வெள்வேல மரம். நான்கு புறமும் முள்கிளுவை வேலி. புல்லும் மரமும் கால்நடையும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்வகை அமைப்பை வேளாண் அறிவியலார் மரமேய்ச்சல் முறை என்ற தனி வகையில் சேர்க்கின்றனர்.

கொழுக்கட்டைப் புல் பல்லாண்டு வாழும் தூர்ப்புல். அறிவியலில் செங்க்ரஸ் சிலியாரிஸ் எனப்படும் இது முதல் மழைக்குத் தூரிலிருந்து தளிர்த்து, சில வாரங்களில் முழங்கால் உயரத்துக்கு வந்து, மயிரடர்ந்த கதிர்களை விடும். மழை நின்ற பின் தண்டு வெளிறிக் காய்ந்தாலும் மண்ணுக்கடியில் தூர் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்கு அது மீண்டும் துளிர்க்கும். காய்ந்த நிலையிலும் மாடு இதை விரும்பித் தின்னும் என்பதால், நின்ற நிலையிலேயே பதப்பட்ட வைக்கோல் என்று இதனைக் கொள்ளலாம். மேய்ச்சலுக்கு ஆளாகாமல் ஓரிரு ஆண்டுகள் விடப்பட்ட தூரைப் பிரித்துப் பார்த்தால், வெளிப்புறம் பச்சையும் உட்புறம் சாம்பல் நிறத்தில் மட்கிய பழந்தாள்களும் அடுக்கடுக்காகத் தெரியும். அந்தப் பழந்தாள்களே தீக்கு முதல் இரை. ஆண்டுதோறும் மாடு கடித்துவரும் தூரில் அவை சேர்வதில்லை. தூர் குட்டையாகவும் இளமையாகவும் நிற்கும்.

வெள்வேலம் நிழலை அடைத்துக்கொள்ளாத மரம். அதன் மெல்லிய இலைகளின் ஊடே வெயில் இறங்குவதால் அடியிலும் புல் வளரும். கோடையில் புல் தீர்ந்திருக்கும் வேளையில் அதன் காய்கள் உதிர்ந்து செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் தீவனமாகின்றன. ஆடுகள் எட்டிய உயரம் வரை தழையைக் கடித்துவிடுவதால் மரத்தின் அடிப்பகுதி கிளையற்று வெறுமையாக நிற்கும். கால்நடைத் தீனிக்காக நடந்த இந்தக் கடிப்பு, வனவியல் பாடத்தில் ஏணியை அகற்றுதல் என்று கூறப்படும் செயலுக்கு நிகரானது.

வேலியாக அமையும் கிளுவை விதையிட்டு வளர்க்கப்படுவதன்று. தடித்த போத்துகளை வெட்டி வரிசையாக நட்டாலே வேர்பிடித்து, சில ஆண்டுகளில் ஆடு நுழைய முடியாத முள்சுவராகிவிடும். வேலியின் ஒரு மூலையில் விடப்பட்ட கடவை முள்ளால் பின்னிய படலைக் கொண்டு அடைப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு இத்தகைய அடைப்புகள் பல இருக்கும். அவற்றின் இடையே இருபுறமும் வேலி சூழ ஓடும் வழிக்கு இட்டேரி என்று பெயர். நாள்தோறும் வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் பட்டு இட்டேரியின் நடுத்தடம் கட்டாந்தரையாகிக் கிடக்கும். வனத்துறை பெரும் பொருட்செலவில் வெட்டிப் பேணும் தீத்தடுப்புக் கோட்டின் தன்மை அந்தத் தடத்துக்கு உண்டு. ஓர் அடைப்பின் தரைப்புல்லில் பற்றும் தீ அடுத்த அடைப்பின் புல்லைத் தொடர்ச்சியாக எட்டுவதற்கு அது இடையூறாக நிற்கிறது.

அடைப்புகளைப் பயன்படுத்தும் முறையில்தான் திட்டமிடல் தெளிவாக வெளிப்படுகிறது. மழை விழுந்தவுடன் மாட்டை உள்ளே விடாமல் புல் தூர்பிடிக்கக் காலம் கொடுப்பதும், பின்னர் ஓர் அடைப்பு மேய்ந்து தணிந்ததும் அடுத்த அடைப்பின் படலைத் திறப்பதும், மாடு மேய்ந்த இடத்தில் பிறகு ஆட்டைவிட்டு எஞ்சியதைக் கடிக்கச் செய்வதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளமோ கொள்ளோ விதைத்தெடுத்து மறுபடி புல்லுக்கு விடுவதும் இம்முறையின் கூறுகள். எந்த அடைப்பில் எத்தனை உருப்படிகள் எத்தனை நாள் நிற்கலாம் என்ற கணக்கு ஏட்டில் எழுதப்பட்டதன்று. புல்லின் உயரத்தையும் சாணத்தின் இறுக்கத்தையும் பார்த்து அது மனத்தில் கணிக்கப்பட்டது. அளவுக்கு மீறி மேய்த்தால் தூர் செத்து மண் வெளிப்படும், குறைவாக மேய்த்தால் பழந்தாள் சேர்ந்து அடுத்த தளிர் நலியும் என்ற இரண்டு எல்லைகளுக்கு இடையில் அந்தக் கணக்கு இயங்கியது. தீயை முன்னிட்டுக் கொறங்காடு உருவாக்கப்பட்டது என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அதன் நோக்கம் தீவனம். கோடை முற்றும்போது நிலத்தில் எரிய அதிகம் எஞ்சாமற்போவது அந்த நோக்கத்தின் உடன்விளைவு. ஆயினும் உடன்விளைவும் வரலாற்றின் பகுதியே.

இந்த மேய்ச்சல் பொருளாதாரத்தின் தொன்மைக்குச் சான்றுகள் பலவாறு கிடைக்கின்றன. கொங்கு நாட்டின் 24 உட்பிரிவுகளுள் ஒன்றாகக் காங்கேய நாடு எண்ணப்பட்டது. காங்கேயத்தை அடுத்த பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் விருதுப்பெயரில் இடம்பெறும் மன்றாடி என்ற சொல், சோழர்காலக் கல்வெட்டுகளில் ஆட்டுமந்தை காப்போரைக் குறித்து வழங்கியது. 1800இல் கொங்கு நாட்டின் வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான தம் பயண நூலில் இப்பகுதியின் உழவையும் கால்நடையையும் விரிவாகப் பதிவு செய்தார். 1909இல் தென்னிந்திய மாடுகளைப் பற்றிக் கன் எழுதிய நூலும், 1936இல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடை நூலும் காங்கேயம் இனத்துக்குச் சிறப்பிடம் தந்தன. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மாட்டு மந்தை அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. இந்தப் புகழ் காளையின் திமிலையும் கொம்பையும் சுற்றியே பேசப்பட்டது. அந்தத் திமிலை வளர்த்த புல்லின் நிர்வாகம் ஒரு தனி அறிவாகக் கருதப்பட்டு எழுதப்படவில்லை.

அதே புல், வேறு நிலம்

கொறங்காட்டு நிர்வாகத்தின் அருமையை உணர்வதற்கு, அதே கொழுக்கட்டைப் புல் கடல் கடந்து சென்ற இடங்களில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்பது உதவும். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை இயல்பாக வளரும் இப்புல் ஆங்கிலத்தில் பஃபெல் என்று பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒட்டகங்களோடு வந்த சேணத் திணிப்புகளில் ஒட்டி இதன் விதைகள் ஆஸ்திரேலியாவை அடைந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் மேய்ச்சலுக்காகவும் புழுதியை அடக்குவதற்காகவும் விரும்பியே அது அங்கு விதைக்கப்பட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலும் 1930களில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுப்பதற்காகவும் இது கொண்டுவரப்பட்டது.

அரிசோனாவின் சோனோரா பாலைவனத்தில் செடிகளுக்கு இடையே வெற்று மண் பரந்திருந்த காரணத்தால் அங்கு தீ என்பதே அரிது. நூறாண்டுக்கு மேல் வாழும் சகுவாரோ என்ற பெருங்கள்ளிக்குத் தீயைத் தாங்கும் இயல்பு வளரவேயில்லை. அந்த வெற்று இடைவெளிகளைக் கொழுக்கட்டைப் புல் நிரப்பியபோது ஒரு கள்ளியிலிருந்து மறு கள்ளிக்குத் தீ நடந்துபோகப் பாதை உண்டாயிற்று. தீக்குப் பின் கள்ளி மடிய, புல் தூரிலிருந்து மீண்டும் தளிர்க்க, அடுத்த தீக்கு முன்னைக் காட்டிலும் அதிக எரிபொருள் காத்திருந்தது. 2005இல் அரிசோனா இப்புல்லைத் தீங்குதரும் களையாக அறிவித்தது. சகுவாரோ தேசியப் பூங்காவில் தன்னார்வலர்கள் பாறைச் சரிவுகளில் ஏறித் தூர்தூராக அதைப் பிடுங்கிவருகின்றனர். 2015இல் தெற்கு ஆஸ்திரேலியாவும் அதனைக் களையாக அறிவித்தது. காங்கேயத்தில் செல்வமாகவும் அரிசோனாவில் பேரிடராகவும் ஒரே புல் விளங்குவதற்குக் காரணம், முதலாவது நிலத்தில் அந்தப் புல்லோடு சேர்ந்தே மாடும் வேலியும் இட்டேரியும், படலைத் திறக்கும் நாளை அறிந்த மனிதரும் வளர்ந்திருந்தமையே. புல் மட்டும் கப்பல் ஏறியது. அதை ஆளும் முறை ஏறவில்லை.

கோயம்புத்தூரில் கற்பித்த பாடம்

கொறங்காட்டு அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில், தீயைப் பற்றிய இன்னொரு கல்வி அரசின் வழியாக உருவாயிற்று. 1856இல் சென்னை மாகாண வனத்துறை தொடங்கப்பட்டு ஹியூ கிளெக்கார்ன் அதன் முதல் வனப்பாதுகாவலரானார். 1864இல் இந்தியாவின் முதல் தலைமை வன ஆய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ், 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றக் காரணமாக இருந்தார். 1882இல் சென்னை வனச்சட்டம் நிறைவேறியது. காப்புக்காட்டில் தீ மூட்டுவதையும், அனுமதியின்றி நுழைவதையும், கால்நடை மேய்ப்பதையும் அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு ஒன்றாகவே குற்றங்களின் பட்டியலில் வைத்தது. இந்த அடுக்கு வரலாற்று முக்கியத்துவம் உடையது. எரிபொருளைக் குறைக்கும் பழைய வழிகள் இரண்டு, ஒன்று மேய்ச்சல், மற்றொன்று பருவமறிந்து மூட்டும் சிறு தீ. இரண்டும் ஒரே பிரிவில் தடுக்கப்பட்டன. வளமான தேக்கையும் இளங்கன்றுகளையும் காப்பது சட்டத்தின் நோக்கமாக இருந்தது. அடர்ந்த மந்தைகளாலும் கட்டற்ற தீயாலும் அன்று பல காடுகள் நலிந்திருந்தன என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் காட்டிலிருந்து தீயை நீக்கிவிட்டால் அதற்குப் பின் தரையில் சேரும் சருகுக்கு என்ன வழி என்ற கேள்வியை அன்றைய சட்டம் எழுப்பவில்லை.

1902இல் கோயம்புத்தூரில் வனப்பாதுகாவலர் காஸ் நிறுவிய வன அருங்காட்சியகமும், 1912இல் அதே நகரில் தொடங்கப்பட்ட சென்னை வனக்கல்லூரியும் தென்னிந்திய வனச்சரகர்களின் பயிற்சிக்கூடங்களாயின. காங்கேயம் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. தீத்தடுப்பு என்றால் அந்நாளைய வனச்சரகருக்கு முதன்மையாகத் தீத்தடுப்புக் கோடு. காப்புக்காட்டின் எல்லையிலும் உட்பகுதிகளைப் பிரிக்கும் இடங்களிலும் குறித்த அகலத்துக்குப் புல்லையும் புதரையும் அகற்றி அமைக்கும் வெற்று நிலப்பட்டை அது. மழை நின்று புல் முற்றியதும் அதை அறுத்து அங்கேயே காயவிடுவார்கள். சுற்றியுள்ள காடு இன்னும் ஈரத்துடன் இருக்கும் மார்கழி, தை நாட்களில், காற்று அடங்கிய வேளை பார்த்து, அறுத்துக் காய்ந்ததை மட்டும் எரித்துவிடுவார்கள். ஒரு வாரம் முந்தினால் புல் எரியாது; சில வாரங்கள் பிந்தினால் கோட்டுக்கு வைத்த தீயே காட்டைப் பிடித்துவிடும். இந்தக் குறுகிய காலவெளியை அடையாளம் காண்பதே அப்பயிற்சியின் உயிர்நிலை. கோடு தீயைத் தடுத்து நிறுத்தும். ஆனால் இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள பரப்பில் ஆண்டுக்கு ஆண்டு சேரும் எரிபொருளை அது தொடுவதில்லை.

தீயை முற்றாக விலக்கும் கொள்கையின் மேல் வனத்துறைக்குள்ளிருந்தே ஐயம் எழுந்தது. 1896இல் ஹெர்பர்ட் ஸ்லேட் என்ற அலுவலர், பர்மாவில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிவிட்டதென்று இந்தியன் ஃபாரஸ்டர் இதழில் எழுதினார். தீ புகாத காட்டில் மூங்கிலும் புதரும் அடர்ந்து தரையை மூட, வெளிச்சம் வேண்டிய தேக்குக் கன்று முளைத்தும் நிலைக்க முடியாமற் போவதை அவரும் அவரை ஒத்தவர்களும் கண்டனர். வட இந்தியச் சால் மரக்காடுகளிலும் இதே நிலை தெரியவந்தபோது, பருவத்தின் தொடக்கத்தில் மூட்டும் மெல்லிய தீ, அதாவது முன்பருவ எரிப்பு, மீண்டும் வனவியல் முறைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எரிபொருளைக் குறைத்தல் என்ற கருத்து இந்திய வனவியலுக்கு அறிமுகமாகிவிட்டது. ஆனால் அது மரத்தின் மறுவளர்ச்சிக்கான உத்தியாகவே நின்றது. நிலத்தோடு வாழ்ந்த மக்களின் அறிவோடு சேரவில்லை.

சேராததன் விளைவு சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் தெளிவாகத் தெரிகிறது. அங்கு வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினர் ஆண்டின் தொடக்கத்தில், சருகு முழுதும் காயுமுன், தரையில் தவழும் சிறு தீயை மூட்டிவந்தனர். சருகுத்தீ என்ற பொருளில் அவர்கள் மொழியில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. 1974இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின் தீ தடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி அதன் பின்னர் மலையை மூடியது என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்றும் சோலிகர் கூறினர். பெங்களூருவின் அசோகா சூழலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் மேற்கொண்ட ஆய்வுகள் இக்கூற்றுகளைக் கவனத்துக்குரியனவாக முன்வைத்தன. ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக்கொள்ளும் உண்ணிச்செடி, பாடநூல் கூறும் ஏணி எரிபொருளுக்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. சிறு தீயை விலக்கிய காடு பெருந்தீக்கான ஏணியைத் தானே வளர்த்துக்கொண்டது.

மற்ற நாடுகளும் இதே வழியில் சென்று திரும்பியுள்ளன. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிடவேண்டும் என்று 1935இல் விதித்த அமெரிக்க வனச்சேவை, 1970களில் அவ்விதியைக் கைவிட்டது; 1998இல் அந்நாட்டு அரசுத் துறைகள் இணைந்து ஃபுளோரிடாவின் டலஹாசியில், திட்டமிட்ட எரிப்பைக் களத்தில் கற்பிக்கும் பயிற்சி மையத்தையே தொடங்கின. ஸ்பெயினின் ஆண்டலூசியாவில், தீத்தடுப்புப் பட்டைகளில் ஆடு மேய்த்துப் புதரைக் குறைக்கும் இடையர்களுக்கு அரசு ஊதியம் தருகிறது; மந்தை எவ்வளவு கடித்தது என்பதை அளந்து அந்த ஊதியம் கணக்கிடப்படுகிறது. காங்கேயத்தில் குடும்ப வழக்கமாக இருந்த ஒன்று அங்கே அரசின் திட்டமாகியுள்ளது.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தின் இன்றியமையாமையை உணர்த்தியது 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நிகழ்ந்த தீ விபத்து. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள் காய்ந்த புற்சரிவில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் எரியும் தீயின் நாக்கு மேலேயுள்ள புல்லின் மீது சாய்ந்து, தான் சென்றடையும் முன்னரே அதைச் சுட்டுக் காயவைத்துவிடுவதால், மேல்நோக்கி ஓடும் தீ மனிதரின் ஓட்டத்தை எளிதில் மிஞ்சும். அதே ஆண்டில் மத்திய அரசு காட்டுத்தீக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு எச்சரிக்கும் முறையை இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதலே நடத்திவருகிறது. தீ எங்கே எரிகிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லும். எங்கே எரியப்போகிறது என்பதை முன்னரே சொல்வதற்குத் தரையில் நடந்து புல்லை அளப்பவர் தேவை.

அந்த அளவீடும் திட்டமும் பயிற்சியில் ஓர் ஒழுங்காக அமைகின்றன. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் புல்லின் மேல் வைத்து, உள்ளே நிற்பதை அடியோடு அறுத்து, உலர்த்தி எடைபோடுவதிலிருந்து எரிபொருளின் அளவு தெரியவருகிறது. எந்தச் சரிவு, எந்தக் குடியிருப்பு, எந்த மரக்கூட்டம் முதலில் காக்கப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்துதல், அறுத்தல், மேய்த்தல், அகற்றுதல், முன்பருவ எரிப்பு ஆகியவற்றுள் அந்த இடத்துக்குப் பொருந்துவதைத் தேர்தல், காற்றும் ஈரமும் இசையும் நாளைக் குறித்தல், முடிந்த பின் மீண்டும் அளத்தல் ஆகியன அடுத்தடுத்த படிகள். கொறங்காட்டுக்காரர் புல்லின் உயரத்தைக் கண்ணால் அளந்து, அடைப்புகளை வரிசைப்படுத்தி, படல் திறக்கும் நாளைக் குறித்து, மேய்ந்து முடிந்ததும் திரும்பிப் பார்த்துவந்த முறையும் இதே படிகளைக் கொண்டதாகும்.

இன்றைய நிலை

2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கேயத்தின் மேய்ச்சல் சமவெளியும், ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குட்பட்ட உடுமலை, அமராவதி வனச்சரகங்களும் ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள் வந்தன. நூறாண்டுக்கும் மேலாக ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரண்டு கல்விகளும் ஒரே ஆட்சியர் அலுவலகத்தின் கீழ் வந்துவிட்டன என்று கூறலாம். ஆனால் அந்நேரத்துக்குள் கொறங்காடு சுருங்கத் தொடங்கியிருந்தது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலும், சுற்றுவட்டார விசைத்தறிகளும், காங்கேயத்தின் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் நாள்கூலியை உறுதிப்படுத்திய பின், மாட்டின் பின்னால் வெயிலில் நடக்கும் இளைஞர்கள் குறைந்தனர். உழவு இயந்திரம் காளையின் தேவையைக் குறைத்தது. சில நிலங்கள் மனைகளாயின; சிலவற்றில் சூரிய ஒளித் தகடுகள் நிற்கின்றன; இன்னும் சில உரிமையாளர் ஊரில் இல்லாமல் படல் மூடியே கிடக்கின்றன. மூடிக்கிடக்கும் கொறங்காட்டில் கொழுக்கட்டைத் தூர்கள் பழந்தாள் சேர்ந்து முதிர்கின்றன. சீமைக்கருவேலம் இடைவெளிகளை அடைத்து, புல்லுக்கும் வெள்வேலக் கிளைக்கும் நடுவே ஏணியாக எழுகிறது. அரிசோனாவில் புல் கப்பலேறிச் சென்று அடைந்த நிலையை, காங்கேயத்தில் அது பிறந்த மண்ணிலேயே, மாடு வெளியேறியதால் அடையத் தொடங்குகிறது.

மேய்ச்சலே எல்லாக் காட்டுக்கும் மருந்து என்று கொள்வதும் பிழையாகும். புலியும் மானும் வாழும் அடர்வனத்தில் பட்டி மாடுகள் நோயைக் கொண்டுசெல்லக்கூடும், காட்டுவிலங்கின் இரையைப் பங்கிடும், மரக்கன்றை மிதிக்கும். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்த சென்னை உயர்நீதிமன்றம், பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்கு வரையறுத்தது. பர்கூர் மலைமாடு வளர்ப்போர் உள்ளிட்ட மேய்ச்சல் மக்களின் வாழ்வு இந்த வரையறையோடு பிணைந்துள்ளது. எங்கே மேய்க்கக்கூடாது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கே, எந்த மாதத்தில், எத்தனை உருப்படிகளைக் கொண்டு மேய்த்தால் காட்டுக்கும் ஊருக்கும் நன்மை என்பதைச் சொல்லும் பொறுப்பு நிலத்தை நடத்துவோருடையது. அதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பதே எரிபொருள் குறைப்புப் பயிற்சியின் பணி.

அந்தப் பயிற்சிக்கு ஏற்ற களம் காங்கேயத்துக்குத் தெற்கே உள்ளது. கொங்கணச் சித்தர் உலை ஊதிப் பொன் செய்தார் என்ற வாய்மொழி மரபால் பொன்னூதிமலை என்றும் பெயர் பெற்ற ஊதியூர் மலை ஒரு காப்புக்காடு. அதன் அடிவாரத்தைச் சுற்றிலும் பட்டா நிலங்களும் கொறங்காடுகளும் சூழ்ந்துள்ளன. வனத்துறையின் கோடும் குடியானவரின் கிளுவை வேலியும் ஒன்றையொன்று நெருங்கும் இடம் அது. கோயம்புத்தூரிலும் வைகை அணையிலும் பயிலும் வனப் பணியாளர்கள் மார்கழியில் அங்கு வந்து, வேலிக்கு ஒருபுறம் மேய்ந்த தூரையும் மறுபுறம் மேயாத தூரையும் அறுத்து எடைபோட்டுப் பார்த்தால், எரிபொருள் என்ற சொல்லின் முழுப்பொருளையும் ஒரு காலைப்பொழுதில் கற்க முடியும். எந்த நாளில் படலைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தரவல்ல முதியவர்கள் காங்கேயம் வட்டாரத்து ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய கணக்கு ஏட்டில் ஏறாதது. கேட்டு எழுதிக்கொள்ள எஞ்சியிருப்பது இந்தத் தலைமுறையின் காலம் மட்டுமே.